குளிரில் வாழும் விலங்குகள்: வாசகர் கேள்வி – பதில்

துருவப் பகுதிகளிலும் இமயத்தின் உயரங்களிலும் வாழும் விலங்குகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பல கடிதங்களில் ஓர் எண்ணம் பொதுவாக இருந்தது. இந்த விலங்குகளின் உடல் மற்ற விலங்குகளைவிட அதிகச் சூட்டை உண்டாக்குகிறது என்பதே அது. பெரும்பாலும் அப்படி இல்லை. உண்டான சூட்டை வெளியே விடாமல் காப்பதிலும், இரை கிடைக்காத மாதங்களில் உடலின் செலவைச் சுருக்குவதிலும்தான் அவை கைதேர்ந்தவை.

பென்குயின் மாதக்கணக்கில் பனிக்கட்டி மேல் வெறுங்காலோடு நிற்கிறது. கால் உறைந்து போகாதா?
— பத்தாம் வகுப்பு மாணவி, தேனி

உறையாது. அதற்காகக் கால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். எம்பெரர் பென்குயினின் உடல் 38 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போது, பாதம் 0 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தால் போதும் என்று உடல் விட்டுவிடுகிறது.

காலுக்கு இறங்கும் தமனிகளும், காலிலிருந்து ஏறும் சிரைகளும் நெருங்கி ஒட்டி ஓடுகின்றன. இறங்கும் ரத்தம் சூடானது, ஏறும் ரத்தம் குளிர்ந்தது. இரண்டும் எதிரெதிராக ஓடுவதால், வழிநெடுக முதலாவதன் வெப்பம் இரண்டாவதற்குக் கைமாறுகிறது. பாதத்தை அடைவதற்குள் ரத்தம் ஆறிவிடுகிறது. உடலுக்குத் திரும்புவதற்குள் மீண்டும் சூடேறிவிடுகிறது. பனிக்கட்டிக்குப் பறிகொடுக்கும் வெப்பம் மிகக் குறைவு. பாதம் உறையும் அளவுக்குக் குளிர்ந்தால், ரத்தக் குழாய்கள் சற்றே விரிந்து கூடுதல் ரத்தத்தை அனுப்புகின்றன. ஆபத்து நீங்கியதும் மறுபடி சுருங்குகின்றன.

காலை அசைக்கும் பெரிய தசைகள் உடலுக்குள், இறகுகளுக்கு அடியில் இருக்கின்றன. கீழே வருபவை பெரும்பாலும் தசைநாண்களும் எலும்பும்தான். தசை குளிர்ந்தால் வேலை செய்யாது. தசைநாணுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இது போதாதென்று, பென்குயின் விரல்களைத் தூக்கிக் குதிகாலிலும் வாலிலும் ஊன்றி நின்று, பனியைத் தொடும் பரப்பையும் குறைத்துக்கொள்கிறது.

பாதம் சூடாக இருந்தால் என்ன கெடும்? அடியில் இருக்கும் பனி உருகும், உருகியது மறுபடி உறையும், பாதம் ஒட்டிக்கொள்ளும். உடலின் வெப்பமும் கால் வழியே ஓயாமல் கசியும். குளிர்ந்த கால்தான் இங்கே பாதுகாப்பான கால். துருவ நரியும் ரெயின்டீர் என்னும் பனிமானும் இதே முறையைக் கையாளுகின்றன. ரெயின்டீர் காலில் இன்னொரு நுட்பமும் உண்டு: குளம்பை நெருங்க நெருங்க, எலும்பு மஜ்ஜையின் கொழுப்பு குறைந்த வெப்பத்திலும் கெட்டிப்படாத வகையாக மாறுகிறது. தொடைப் பக்கத்துக் கொழுப்பே குளம்பிலும் இருந்தால் அது குளிரில் இறுகிவிடும்.

ஆண் பென்குயின் முட்டையை அடைகாக்கும்போது சாப்பிடுவதே இல்லை என்பது உண்மையா?
— வாசகர், கும்பகோணம்

உண்மை. எம்பெரர் இனத்தில் பெண் பறவை முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். ஆண் ஏறத்தாழ 65 நாட்கள், அண்டார்டிகாவின் நடுக் குளிர்காலத்தில், முட்டையைக் காலின் மேல் வைத்து வயிற்று மடிப்பால் மூடி நிற்கும். இணை சேர வந்த நாள் முதல் கணக்கிட்டால் ஏறத்தாழ நான்கு மாதப் பட்டினி. அதற்குள் உடல் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் கரைந்துவிடுகிறது.

தனியாக நின்றால் இவ்வளவு நாள் கொழுப்பு தாங்காது. அதனால் நூற்றுக்கணக்கில் ஒன்றோடொன்று நெருங்கி நிற்கின்றன. அந்தக் கூட்டத்தின் உட்புறம் 37 டிகிரி வரைகூட ஏறும். கூட்டம் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தாலும், 30 முதல் 60 நொடிக்கு ஒருமுறை 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை சிறு அடி எடுத்து வைக்கின்றன. ஒன்று நகர்ந்ததும் பக்கத்தில் இருப்பது நகர, அந்த அசைவு அலையாகக் கூட்டம் முழுவதும் பரவுகிறது. இறுக்கம் குறையாமலேயே பறவைகளின் இடம் சிறிது சிறிதாக மாறுவது இப்படித்தான்.

குளிரைத் தாங்க அடர்ந்த உரோமம் நல்லதா, தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு நல்லதா?
— உயிரியல் ஆசிரியர், நாமக்கல்

நிலத்தில் உரோமம், நீரில் கொழுப்பு. உரோமம் தன்னளவில் சூடு தருவதில்லை. இழைகளுக்கு இடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. அதனால்தான் குளிர் நாட்டு விலங்குகளுக்கு இரண்டு அடுக்கு உரோமம்: காற்றைப் பிடித்துவைக்கும் மெல்லிய அடி உரோமமும், காற்றும் பனியும் உள்ளே நுழையாமல் தடுக்கும் நீண்ட மேல் உரோமமும். நனைந்தால் காற்று வெளியேறி அந்த இடத்தில் நீர் புகுந்துவிடும். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். எனவே கடலில் வாழும் சீல்களும் திமிங்கிலங்களும் கொழுப்பை நம்புகின்றன. ஆர்க்டிக் கடலின் போஹெட் திமிங்கிலத்துக்கு அது அரை மீட்டர் தடிமன் வரை இருக்கும்.

இடைப்பட்ட நிலையைப் புரிந்துகொள்ள ஹார்ப் சீல் குட்டியைப் பாருங்கள். பிறக்கும்போது கொழுப்பு அடுக்கு இல்லை, வெள்ளைப் பஞ்சு உரோமம் மட்டுமே. தாய்ப்பாலில் ஏறத்தாழ பாதி கொழுப்பு. நாளுக்கு 2 கிலோவுக்கு மேல் எடை கூடி, சுமார் 12 நாளில் பால்குடி முடிந்துவிடும். தாய் அதோடு குட்டியை விட்டுப் போய்விடும். இந்த 12 நாட்களுக்குள் பனித்தட்டு உடைந்து குட்டி நீரில் விழுந்தால், உரோமம் நனைந்து பயனற்றுப் போகும், கொழுப்பும் இன்னும் வந்திருக்காது. குட்டிகள் பெருமளவில் இறப்பது இப்படித்தான்.

விதிவிலக்கு, வட பசிபிக் கடலின் நீர்நாய். கடலிலேயே வாழ்ந்தும் அதற்குக் கொழுப்பு அடுக்கு கிடையாது. அதற்கு ஈடாக ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முடிகள். ஒரு மனிதத் தலை முழுவதும் இருப்பதே ஏறத்தாழ ஒரு லட்சம்தான்! அந்த உரோமத்துக்குள் காற்றை நிரப்பிவைக்க நாளெல்லாம் அதைக் கோதிக்கொண்டே இருக்க வேண்டும். தன் எடையில் கால்பங்கு இரையும் தினமும் வேண்டும். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் கடலில் கொட்டியபோது நீர்நாய்கள் ஆயிரக்கணக்கில் மாண்டன. உரோமத்தில் எண்ணெய் படிந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும், காற்று தங்காது, குளிர்ந்த நீர் நேரே தோலைத் தொடும். கோதிக் கோதிச் சுத்தம் செய்யப் பார்க்கும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போய்விடும்.

பனிக்கரடியின் முடி கண்ணாடி இழைபோல் சூரிய ஒளியைத் தோலுக்குக் கடத்துகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. சரியா?
— வாசகி, கோயம்புத்தூர்

சரியல்ல. முடி நிறமற்றது, உள்ளே வெற்றிடம் உள்ளது, தோல் கறுப்பு – இந்த மூன்றும் உண்மை. ஆனால் ஒளியைக் கடத்துவதாகச் சொன்ன ஊகத்தை டேனியல் கூன் என்னும் இயற்பியலாளர் 1998இல் அளந்து பார்த்தார். சிறிய தூரத்துக்குள்ளேயே புற ஊதா ஒளி முடிக்குள் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. தோலை எட்டுவது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். பனிக்கரடியைக் காப்பது அடர்ந்த உரோமமும், 11 சென்டிமீட்டர் வரை தடிமனாகும் கொழுப்பும்தான். அதற்கு உண்மையான தொல்லை அதிகச் சூடு. கொஞ்ச தூரம் ஓடினாலே உடல் சூடேறிவிடும். எனவே பெரும்பாலும் மெதுவாக நடக்கும், பனித்துளை அருகே சீல் தலைகாட்டும் வரை காத்துக்கிடக்கும்.

முடிக்குள் இருக்கும் அந்த வெற்றிடத்தால் வேறொரு விளைவு உண்டு. 2004இல் சிங்கப்பூர் விலங்குக் காட்சிச்சாலையில் இருந்த ஷீபா, இனுகா என்ற தாயும் மகனுமான பனிக்கரடிகள் பச்சையாக மாறின. வெப்பமும் ஈரமும் சேர்ந்து முடிக்குள் பாசி வளர்ந்ததுதான் காரணம். ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு நீக்கினார்கள். வெப்ப மண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடியான இனுகா 2018இல் இறந்தது. இனிப் பனிக்கரடி வளர்ப்பதில்லை என்பது அந்தக் காட்சிச்சாலையின் முடிவு. நல்ல முடிவு.

கரடி ஆறு மாதம் தூங்குகிறது. தண்ணீர்கூடக் குடிக்காமல் எப்படி? எல்லா விலங்குகளின் குளிர்கால உறக்கமும் ஒன்றுதானா?
— செவிலியர், திருநெல்வேலி

ஒன்றல்ல. கரடியின் உறக்கம் ஒருவகை, தரை அணிலின் உறக்கம் முற்றிலும் வேறு வகை.

அலாஸ்காவின் கறுப்புக் கரடிகளில் செய்த அளவீடுகள் 2011இல் வெளியாயின. உறக்கத்தில் உடல் வெப்பம் 30 முதல் 36 டிகிரி வரை மட்டுமே இறங்குகிறது. ஆனால் உடலின் ஆற்றல் செலவு வழக்கத்தில் கால்பங்காகக் குறைகிறது. இதயம் நிமிடத்துக்கு 55 துடிப்பிலிருந்து 14 அளவுக்கு இறங்குகிறது. நீங்கள் கேட்ட தண்ணீருக்கு வருவோம். கொழுப்பு எரியும்போது நீரும் உண்டாகும். அதுவே போதுமானதாக இருக்கிறது. சிறுநீரில் போக வேண்டிய யூரியாவை, குடலில் உள்ள நுண்ணுயிர்களின் துணையோடு உடைத்து, அதன் நைட்ரஜனை மறுபடி புரதமாக்கிக்கொள்கிறது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்குத் தசை கரைவதையும் எலும்பு மெலிவதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கரடிக்கு அந்த இழப்பு மிகச் சொற்பம். இதை மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் ஆவலோடு கவனிப்பது அதனால்தான்.

ஆர்க்டிக் தரை அணிலின் கதை இன்னும் தீவிரமானது. அதன் உடல் வெப்பம் உறைநிலைக்கும் கீழே, −2.9 டிகிரி வரை போவதை அலாஸ்காவில் பிரையன் பார்ன்ஸ் 1989இல் பதிவு செய்தார். அப்போதும் ரத்தம் உறைவதில்லை. பனிப்படிகம் உருவாகத் தூண்டும் துகள் எதுவும் உள்ளே இல்லாதவரை நீர்மம் உறைநிலைக்குச் சற்றுக் கீழேயும் நீர்மமாகவே இருக்கும். ஏழெட்டு மாத உறக்கத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அது உடலை 36 டிகிரிக்கு மேல் சூடேற்றி, ஒரு நாளுக்கும் குறைவான நேரம் அப்படி இருந்துவிட்டு மறுபடி குளிர்ந்துவிடும். சூடேற்றும் வேலையைத் தொடங்கிவைப்பது தோள்களுக்கு நடுவே உள்ள பழுப்புக் கொழுப்பு. வெள்ளைக் கொழுப்பு ஒரு சேமிப்பு. பழுப்புக் கொழுப்போ எரிவதை நேரடியாக வெப்பமாக்கும். பச்சிளங் குழந்தைகளுக்கும் இது உண்டு.

இந்த விழிப்புகளுக்குத்தான் சேமித்த கொழுப்பில் பெரும்பகுதி செலவாகிறது. எனவே கூடுதலாக விழித்தால் ஆபத்து. 2006இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலக் குகையொன்றில் முதலில் கண்டறியப்பட்ட வெண்மூக்கு நோய், உறங்கும் வௌவால்களைத் தாக்கும் பூஞ்சை நோய். பூஞ்சை அரிக்க அரிக்க வௌவால்கள் அடிக்கடி விழிக்கின்றன. வசந்தம் வருமுன்பே கொழுப்பு தீர்ந்துபோகிறது. பூச்சியே இல்லாத குளிர்காலத்தில் பறந்து திரிந்து பட்டினியால் சாகின்றன. இப்படி இறந்தவை லட்சக்கணக்கில். உறங்கும் வௌவால்கள் உள்ள குகைக்குள் டார்ச் அடித்துக்கொண்டு போவதும் இதே கேட்டைத்தான் செய்கிறது.

முழுதாக உறைந்து மீண்டும் உயிர்பெறும் தவளை உண்டா?
— ஏழாம் வகுப்பு மாணவர், மதுரை

உண்டு தம்பி, ஆனால் அது செத்துப் பிழைப்பதில்லை. வட அமெரிக்காவின் காட்டுத்தவளை இலைச் சருகுக்கடியில் குளிர்காலத்தைக் கழிக்கிறது. தோலில் பனிப்படிகம் தொட்ட சில நிமிடங்களிலேயே, கல்லீரல் தான் சேமித்துவைத்த கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளைக் குளுக்கோஸாக மாற்றி ரத்தத்தில் கொட்டத் தொடங்குகிறது. அந்தச் சர்க்கரை ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நிறைந்து, அங்கிருக்கும் நீர் உறையாமல் காக்கிறது. பனி செல்களுக்கு வெளியேதான் உண்டாகிறது. உடல் நீரில் மூன்றில் இரண்டு பங்கு வரை உறையும், மூச்சும் இதயமும் நின்றிருக்கும். அலாஸ்காவில் −18 டிகிரி வரை தாங்கி, ஏழு மாதம்போல் இப்படி இருந்தவை பதிவாகியுள்ளன.

உறைவது மெதுவாக நடக்க வேண்டும். மிக வேகமாக உறைந்தால் குளுக்கோஸ் எல்லா உறுப்புக்கும் போய்ச் சேர்வதற்குள் செல்லுக்குள் பனி உருவாகி அதைக் கிழித்துவிடும். அதனால் உங்கள் ஊர்த் தவளையை ஃப்ரிட்ஜில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அது நிச்சயம் செத்துவிடும்.

அண்டார்டிகக் கடல் மீன்களின் வழி வேறு. அங்கே நீர் −1.9 டிகிரியில் இருக்கிறது. சாதாரண மீனின் ரத்தம் −0.8 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். நோட்டோதெனியாய்டு என்ற இன மீன்களின் ரத்தத்தில் உள்ள ஒரு புரதம், பனிப்படிகம் தோன்றியதுமே அதன் மேல் ஒட்டிக்கொண்டு வளரவிடாமல் தடுக்கிறது. ஆர்தர் டிவ்ரீஸ் 1960களில் கண்டுபிடித்தது இது.

பெரிய விலங்கு தாங்கும், சரி. எலி அளவுள்ள விலங்குகள் அந்தக் குளிரில் என்ன செய்யும்?
— வாசகர், ஈரோடு

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். டம்ளர் காபி சீக்கிரம் ஆறிவிடும், அண்டா சாம்பார் ஆற மணிக்கணக்காகும். பக்கம் 1 அளவுள்ள கனசதுரத்துக்குப் பரப்பு 6, கொள்ளளவு 1. பக்கத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு 24, கொள்ளளவு 8. ஒவ்வொரு பங்கு உடலுக்கும் வெப்பம் இழக்கும் பரப்பு 6இலிருந்து 3ஆகக் குறைந்துவிடுகிறது. ஆகவே சிறிய உடல் எப்போதும் நஷ்டத்தில்தான் இருக்கிறது. தடித்த உரோமத்தையும் அதனால் சுமக்க முடியாது. நடக்கவே முடியாமல் போகும்.

அதற்கு உதவுவது பனிதான். வெண்பனி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் சேர்ந்துவிட்டால், மேலே −30 டிகிரியாக இருந்தாலும் தரையை ஒட்டிய இடம் 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். தரைக்கும் பனிக்கும் நடுவே உண்டாகும் இடைவெளியில் வோல் எலிகளும் மூஞ்சூறுகளும் சுரங்கம் அமைத்து மாதக்கணக்கில் வாழ்கின்றன. பனி குறைவாகப் பெய்து குளிர் மட்டும் கடுமையாக இருக்கும் ஆண்டுதான் அவற்றுக்கு மோசமானது. பனிமேல் ஓடும் வண்டிகள் அதை அழுத்தி இறுக்கினாலும் உள்ளிருக்கும் காற்று வெளியேறி இந்தப் பாதுகாப்பு கெட்டுவிடும்.

ஐரோப்பிய மூஞ்சூறு இன்னும் வியப்பான ஒன்றைச் செய்கிறது. குளிர்காலத்தில் அதன் மண்டையோடு ஏறத்தாழ 15 சதவீதம் சுருங்குகிறது, மூளையும்கூட. வசந்தத்தில் ஓரளவு மீண்டும் வளர்கிறது. போலந்தின் அவுகுஸ்ட் டேனல் 1949இல் இதை விவரித்தார். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரை தேடியே ஆக வேண்டிய உடலுக்கு, அதிக ஆற்றலைத் தின்னும் மூளையைச் சிறிதாக்குவது பெரிய சிக்கனம். திபெத்தியப் பீடபூமியின் பிக்கா முயலினமோ உறங்குவதுமில்லை, ஊர் விட்டுப் போவதுமில்லை. குளிர்காலத்தில் உடல் செலவை ஏறத்தாழ 30 சதவீதம் குறைத்துக்கொண்டு, மாட்டினமான யாக்கின் சாணத்தைத் தின்கிறது என்பது 2021இல் வெளியான ஆய்வின் முடிவு. பாதி செரித்த புல், தேடி அலையாமல் கிடைக்கிறது.

பனிச்சிறுத்தை பார்க்க லடாக் போக நினைக்கிறோம். எந்த மாதம், எதைக் கவனிக்க வேண்டும்?
— குடும்பத்தினர், சென்னை

ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது பாரல் என்ற நீல ஆடுகளும் ஐபெக்ஸ் என்ற காட்டு ஆடுகளும் வெயில் படும் தெற்குச் சரிவுகளுக்கு, பனி விலகிய புல்லைத் தேடி இறங்குகின்றன; சிறுத்தையும் பின்னாலேயே வரும். அதன் இணைசேரும் காலமும் அதுவே. 2024இல் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள், அவற்றில் 477 லடாக்கில்.

உடலமைப்பைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ரசனை கூடும். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள வால் பாறையில் தாவும்போது சமநிலைக்கு, படுக்கும்போது முகத்தையும் பாதத்தையும் சுற்றி மூடிக்கொள்வதற்கு. அகன்ற பாதங்களின் அடியிலும் உரோமம். காதுகள் சிறியவை, வட்டமானவை. வெப்பம் கசியும் பரப்பு குறைவு. அகன்ற மூக்கறை உள்ளிழுக்கும் காற்றை நுரையீரல் சேருமுன் சூடாக்குகிறது.

லே நகரமே 3,500 மீட்டர் உயரம். இறங்கியதும் குறைந்தது இரண்டு நாள் ஓய்வெடுத்த பிறகே மேலே ஏறுங்கள். உள்ளூர் வழிகாட்டியோடு போய், தொலைநோக்கி வைத்து எதிர்ச் சரிவிலிருந்தே பாருங்கள். படம் எடுக்க நெருங்காதீர்கள். குளிர்காலத்தில் நீல ஆடு மேயும் பகல்பொழுது குறுகியது. மனிதரைக் கண்டு ஒவ்வொரு முறை மேலே ஓடும்போதும் மேய்ச்சல் நேரமும் கொழுப்பும் இரண்டுமே போகின்றன. மிச்சச் சாப்பாட்டை வெளியே போடவே கூடாது. அதைத் தின்று பெருகும் தெருநாய்கள் கூட்டமாகக் காட்டு விலங்குகளை விரட்டிக் கடிப்பது லடாக்கிலும் ஸ்பிதியிலும் இன்று பெரிய பிரச்சினை.

கூந்தன்குளத்துக்கு வரும் பட்டைத்தலை வாத்து குளிருக்குப் பயந்துதான் வருகிறதா?
— வாசகர், நாங்குநேரி

குளிரைவிட உணவு முக்கியம். மங்கோலியா, திபெத் பகுதி ஏரிகள் உறைந்து, புல்லைப் பனி மூடிவிட்டால் மேய எதுவும் இருக்காது. அதனால் இமயத்தைக் கடந்து தெற்கே வருகிறது. அதன் ஹீமோகுளோபின் மெல்லிய காற்றிலும் ஆக்சிஜனை நன்கு பற்றிக்கொள்ளும். 7,000 மீட்டருக்கு மேலும் பதிவாகியிருக்கிறது என்றாலும், பெரும்பாலும் மலைச்சரிவை ஒட்டித் தாழ்வாகவே பறக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, சிறகுக்குப் பிடிமானம் தரும். இரவிலும் அதிகாலையிலும் பறப்பதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உலகம் சூடாகிறது என்றால் குளிர் நாட்டு விலங்குகளுக்கு நல்லதுதானே?
— கல்லூரி மாணவர், திருச்சி

இல்லை. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் பனி மேல் மழை பெய்தது. பின்னர் கடுங்குளிர் வந்து அந்த ஈரம் தடித்த பனிக்கட்டி ஓடாக இறுகியது. ரெயின்டீர்களின் குளம்பு விளிம்பு குளிர்காலத்தில் கூர்மையாகி, பொலபொலப்பான பனியைத் தோண்டி அடியில் உள்ள பாசிப்பூஞ்சையை எட்டும். கெட்டி ஓட்டை அதனால் உடைக்க முடியவில்லை. நெனெட்ஸ் மக்களின் மந்தைகளில் ஏறத்தாழ 61,000 ரெயின்டீர்கள் பட்டினியால் மடிந்தன. −40 டிகிரியைத் தாங்கும் உடல்களைக் கொன்றது மழை.

உரோமம் நிறம் மாறும் விலங்குகளுக்கு இன்னொரு சிக்கல். வட அமெரிக்காவின் பனிக்காலணி முயல் பகல்பொழுதின் நீளத்தைக் கொண்டு வெள்ளையாகிறது, பனியைப் பார்த்து அல்ல. பனி தாமதமானால் பழுப்புத் தரையில் வெள்ளை முயல் தூரத்திலிருந்தே தெரியும். மொன்டானாவில் நடந்த ஆய்வில், இப்படிப் பொருந்தாமல் போன முயல்கள் ஒரு வாரத்தைப் பிழைத்துக் கடக்கும் வாய்ப்பு 7 சதவீதம் வரை குறைந்தது.

காஷ்மீரில் ஷாதூஷ் சால்வை ரகசியமாக விற்கிறார்களாமே, வாங்கலாமா?
— வாசகி, சேலம்

வாங்காதீர்கள். பஷ்மினா வளர்ப்பு ஆட்டைச் சீவி எடுக்கும் உரோமம். ஷாதூஷ் அப்படியல்ல, சிரு என்ற திபெத்திய மறிமானின் அடி உரோமம் அது. அந்தக் காட்டு விலங்கைப் பிடித்துச் சீவ முடியாது, கொன்றுதான் எடுக்கிறார்கள். 9 முதல் 12 மைக்ரான் மட்டுமே தடிமன் உள்ள இழை என்பதால்தான் அது அவ்வளவு காற்றைப் பிடித்துவைத்து −40 டிகிரியிலும் சிருவைக் காக்கிறது. ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து மான்கள் சாக வேண்டும். இந்தியாவிலும் உலக நாடுகளின் ஒப்பந்தப்படியும் இதன் வணிகம் தடைசெய்யப்பட்டது, வாங்குபவரும் குற்றவாளியே. அசல் ஷாதூஷ் என்று காட்டச் சால்வையை மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டுவது சரியான சோதனையும் அல்ல, மெல்லிய பஷ்மினாவும் நுழையும். புவிசார் குறியீட்டு முத்திரை ஒட்டிய காஷ்மீர் பஷ்மினாவைக் கேட்டு வாங்குங்கள்.